ரா-வில் எடுப்பதா, கம்ப்ரஸ் செய்து எடுப்பதா?

வீடியோ கேமரா மெனுவில் ரா என்று ஒன்று, அதாவது சென்சார் அளந்ததை அப்படியே எழுதிவைக்கும் முறை, இருந்துவிட்டால் போதும், அதைத் தொடாமல் இருக்கக் கை கேட்காது. கொஞ்சம் பொறுங்கள், முதலில் ஒரு கணக்கு. 3840 x 2160 அளவில் ஒரு ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 12 பிட், வினாடிக்கு 24 ஃபிரேம். எதையும் சுருக்காமல் எழுதினால் வினாடிக்குச் சுமார் 300 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 1 டெராபைட்டுக்கும் மேல். அதே காட்சி எச்.264 என்ற சுருக்கும் முறையில், வினாடிக்கு 100 மெகாபிட் (8 மெகாபிட் ஒரு எம்பி) என்று வைத்தால், 45 ஜிபியில் முடிந்துவிடும். பேக்கப் எடுத்தால் இரண்டுமே இரட்டிப்பு. வேகமான வி90 வகை எஸ்டி கார்டே வினாடிக்கு 90 எம்பிக்குத்தான் உத்தரவாதம் தருகிறது, அதனால் ரா என்றாலே பெரும்பாலும் அதைவிட வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டோ வெளியே மாட்டும் எஸ்எஸ்டியோ தேவைப்படும்.

சரி, இவ்வளவு இடத்தைத் தின்றுவிட்டு ரா என்ன தருகிறது? சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும்தான் அளக்கிறது. ரா கோப்பில் இருப்பது அந்த அளவுகள்தான், அவற்றை முழு நிறமாக்கும் வேலை எடிட்டிங்கில் நடக்கிறது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வைட் பேலன்ஸை (எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற அமைப்பை) மறந்துபோய், பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வினிலேயே விட்டுவிட்டீர்கள், முகமெல்லாம் ஆரஞ்சு என்று வைத்துக்கொள்வோம். ரா-வில் பல்புக்கான 3200 என்று மாற்றினால் அப்படியே எடுத்த மாதிரி வந்துவிடும், ஏனென்றால் அங்கே வைட் பேலன்ஸ் வெறும் குறிப்புதான். 8 பிட் எச்.264-ல் அந்த ஆரஞ்சு படத்தோடு வெந்துபோயிருக்கும். நீலத்தை இழுத்துக் கூட்டினால் தாடைக்குக் கீழ் நிழலில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப்போன ஜன்னலை ரா-வாலும் மீட்க முடியாது.

கம்ப்ரஸ் என்றாலே மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். மெனுவில் 8 பிட்டா 10 பிட்டா என்று பாருங்கள், என் கணக்கில் ரா-வா இல்லையா என்பதைவிட இதுதான் பெரிய கேள்வி. ஒரு நிறத்துக்கு 256 படிகள் எங்கே, 1024 எங்கே! ஒருமுறை 8 பிட்டில் லாக் (பின்னால் நிறம் திருத்த வசதியாகக் கான்ட்ராஸ்ட் குறைத்துப் பதியும் முறை) வைத்து மாலை வானத்தை எடுத்தேன், கிரேடிங்கில், அதாவது எடிட்டிங்கில் நிறம் திருத்தும்போது, கான்ட்ராஸ்ட் ஏற்றியதும் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிட்டது, கடைசியில் அந்த ஷாட்டையே தூக்கிவிட்டேன். அப்புறம் 4:2:2 இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இரண்டு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல், 4:2:0-வில் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவல். ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் ஆல்-இன்ட்ரா கோப்பு பெரிதாக இருந்தாலும் டைம்லைனில் திக்காமல் ஓடும்.

நடுவழியும் உண்டு. பிளாக்மேஜிக் ரா, புரோரெஸ் ரா இரண்டும் 2018-ல் வந்தவை, சுருக்கிய ரா. பிளாக்மேஜிக்கில் 8:1 (எட்டில் ஒரு பங்காகச் சுருக்குவது) வைத்தால் மேலே சொன்ன 300 எம்பி 40-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

பேட்டி, வகுப்பு, நீளமான நிகழ்ச்சி என்றால் நான் யோசிக்காமல் 10 பிட் 4:2:2-க்குப் போய்விடுவேன். கிரீன் ஸ்கிரீன், ஒரே அறையில் இரண்டு மூன்று விதமான வெளிச்சம், கலரில் நிறைய விளையாடப்போகும் குறும்படம் இவற்றுக்கு ரா. இன்னும் குழப்பமாக இருந்தால், எடுக்கப்போகும் இடத்திலேயே வெளிச்சம் மோசமான மூலையில் இரண்டிலும் ஒவ்வொரு நிமிடம் எடுத்து, உங்கள் கம்ப்யூட்டரிலேயே கிரேட் செய்து, 200 சதவீதம் பெரிதாக்கி நிழலைப் பாருங்கள். வித்தியாசம் தேட வேண்டியிருந்தால் ரா வேண்டாம்.