ரிசீவர் வாங்கலாமா, தனித்தனியாகச் சேர்க்கலாமா? புதிதாக ஆடியோ செட் அமைப்பவர்களுக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஆடியோ செட் என்றாலே பலரும் முதலில் கேட்பது 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர்) போர்டு போட்டுக் கட்டித் தரும் அசெம்பிள் செட்டைத்தான். அது தனிக்கதை. கம்பெனிப் பொருள்தான் வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று ஏவி ரிசீவர்: டால்பி, டிடிஎஸ் ஒலியைச் சேனல் சேனலாகப் பிரிக்கும் டிகோடர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் எல்லாம் ஒரே பெட்டியில். பெரும்பாலும் எஃப்எம் ட்யூனரும் இருக்கும். ஆன்டெனா மாட்டினால் தருமபுரி வானொலியின் 102.5 கேட்கலாம். இன்னொன்று, ப்ரீஆம்ப் ஒரு பெட்டி, பவர் ஆம்ப் ஒரு பெட்டி என்று தனித்தனியாக வாங்கிக் கோப்பது.

முதலில், எதற்கு வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். டிவியில் படம் பார்க்க என்றால் ரிசீவர்தான், யோசிக்கவே வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது இரண்டுமே தேவையில்லை. ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் சேர்ந்தே இருக்கும் ஒரு நல்ல இன்டகிரேட்டட் ஆம்ப் போதும்.

அடுத்து ஸ்பீக்கர். பெட்டியின் பின்னால் எத்தனை ஓம் (மின்தடை, குறையக் குறைய ஆம்புக்குச் சுமை), சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். 90 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கரைச் சாதாரண ஹாலில் எந்த ரிசீவரும் சுலபமாக இழுக்கும். 4 ஓம், 84 டெசிபல் என்றால்தான் தனி பவர் ஆம்ப் பற்றிய பேச்சே வரும்.

மூன்றாவது, வாட்ஸ் கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 150 வாட்ஸ் என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும்' என்று போட்டிருப்பார்கள். 10% டிஸ்டார்ஷனில் பாட்டு கரகரவென்றுதான் கேட்கும். '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்' என்று எழுதிய வரியைத் தேடுங்கள். அதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் வரும். ஐந்து சேனலும் சேர்ந்து ஓடும்போது அதுவும் குறையும், எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தானே.

நான்காவது, ரிசீவரின் முதுகைத் திருப்பி 'ப்ரீ அவுட்' துளைகள் (வெளியே உள்ள ஆம்புக்குச் சிக்னல் தருபவை) இருக்கின்றனவா பாருங்கள். சப்-ஊஃபருக்கான ஒன்று எல்லாவற்றிலும் இருக்கும். இடது, வலது சேனலுக்கும் இருக்க வேண்டும். எச்டிஎம்ஐயும் டிகோடரும் சில வருஷத்தில் பழசாகிவிடும், பவர் ஆம்ப் ஆகாது. ப்ரீ அவுட் இருந்தால் இப்போது ரிசீவரை மட்டும் வாங்கி, பிறகு கையில் காசு சேரும்போது பவர் ஆம்பை அதில் மாட்டிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது இந்த வழிதான்.

இனி இணைப்பு. டிவியில் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ரிசீவருக்கு அனுப்பும் வழி) என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையிலிருந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டுக்கு ஒயர். ஸ்பீக்கர் ஒயரில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறினாலும் பேஸ் (கனமான அடிச் சத்தம்) காணாமல் போய்விடும். ஒயர் முனையை நன்றாக முறுக்கிச் செருகுங்கள். ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ரிசீவர் ப்ரொடெக்ட் காட்டி அணைந்துவிடும்.

வீட்டில் இருப்பது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் செட்டை அந்த லைனில் போடாதீர்கள், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். சைன் வேவ் என்றால் அந்தத் தொல்லை இருக்காது.