காறை எலும்புக்குள் ஒரு சாவி

காரைக்குடிப் பக்கம் நர்சிங், பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் கழுத்துக்குக் கீழே தோள் வரை போகும் காறை எலும்பின் ‘கிளாவிக்கிள்’ என்ற பெயரை உருப்போட வேண்டாம். வீட்டுப் பெட்டகச் சாவியை நினைத்தால் போதும். லத்தீனில் ‘கிளாவிஸ்’ சாவி. ‘கிளாவிகுலா’ சின்னச் சாவி. கடைசியில் வரும் ‘குலா’, ‘குலஸ்’ எல்லாம் சிறியது என்று சொல்பவை. தசைக்கான ‘மஸ்குலஸ்’கூடச் சின்ன எலிதான்!

இந்தச் சாவி திரும்புவதைக் கையாலேயே பார்த்துவிடலாம். இடது கையின் இரண்டு விரல்களை வலது காறை எலும்பின் மேல் பதித்து, வலது கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தலைக்கு மேல் தூக்குங்கள். தோள் மட்டம் தாண்டியதும் அந்த எலும்பு தன் அச்சிலேயே பின்பக்கம் உருளும், பூட்டுக்குள் சாவி திரும்புகிற மாதிரி. வேகமாகத் தூக்கினால் தோள்பட்டையே மேலேறி, உருள்வது விரலுக்குத் தெரியாது. தோளில் அடிபட்டவர்கள் செய்ய வேண்டாம்.

பரீட்சையில் சறுக்கும் இடம் ஒன்று: ‘கிளாவிஸ்’ சாவி, ‘கிளாவஸ்’ ஆணி. பாதத்தில் வரும் காலாணிக்கு மருத்துவப் பெயர் இந்தக் ‘கிளாவஸ்’தான். லத்தீன்காரர்களுக்கும் அது ஆணி, நமக்கும் ஆணி. நம் ‘காறை’யோ பெண்கள் கழுத்தை ஒட்டி அணிந்த நகை.