சின்னதுக்கு என்ன வயது? பிள்ளைகளோடு கப்பலேறும் முன்

"எந்தக் குரூஸ் நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "உங்க சின்னதுக்கு என்ன வயசு?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவர்கள் முழிப்பார்கள். சறுக்குமரம் எத்தனை, காலையில் தோசை கிடைக்குமா, பால்கனி அறை எவ்வளவு என்று பேச வந்தவர்களிடம் கைக்குழந்தையின் பிறந்தநாளை விசாரித்தால் முழிக்காமல் என்ன செய்வார்கள்?

நாங்கள் சிங்கப்பூரில், பொங்கோலில் ஒரு வீவக வீட்டில் (அரசு கட்டிய அடுக்குமாடி) இருக்கிறோம். கணவர், இரண்டு பிள்ளைகள், வருடத்தில் பாதி நாள் எங்களோடு இருக்கும் என் மாமியார். மரினா பே குரூஸ் சென்டரிலிருந்து இதுவரை மூன்று முறை கப்பலேறியிருக்கிறோம். முதல் தடவை கப்பலைத் தேர்ந்தெடுத்தவன் என் மூத்த மகன். அவனுக்கு அப்போது எட்டு வயது. யூடியூப்பில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, எதில் சறுக்குமரம் உயரம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். சின்னவளுக்கு இரண்டரை வயது. அவளை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

முதல் நாள் மாலை பிள்ளைகள் கிளப்பின் வாசலில் போய் நின்றோம். உள்ளே இருந்த பெண் சிரித்த முகத்தோடு சின்னவளின் பிறந்த தேதியைக் கேட்டாள். மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், டயப்பர் போடும் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்றாள். சரி, நீச்சல் குளத்துக்காவது போகலாம் என்று போனால் அங்கும் அதே கதை. நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் பெரிய குளத்தில் இறங்கக்கூடாது. அப்புறம் என்ன, ஒருவர் பெரியவனோடு மேல்தளத்தில், இன்னொருவர் சின்னவளோடு தாழ்வாரத்தில். கம்பளத்தில் மீன் படம் போட்டிருந்தது. அவள் ஒவ்வொரு மீனாகக் குனிந்து எண்ணிக்கொண்டே போவாள். பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாததால் திரும்பவும் ஒன்று. நான்கு நாளில் நானும் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது ஒரே ஒரு வேளைதான்.

அதனால் கடைசிப் பிள்ளையின் வயதிலிருந்து தொடங்குங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தையைப் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. தொடர்ந்து பல நாள் கடலிலேயே போகும் நீண்ட பயணமென்றால் ராயல் கரீபியன் நிறுவனத்தில் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கணக்கு உண்டு, பயணத்தின் எந்த நாளிலும் 24-வது வாரத்தைத் தொட்டுவிடக் கூடாது. ராயல் கரீபியனின் அட்வென்ச்சர் ஓஷன் கிளப்பில் மூன்று வயதிலிருந்து சேர்க்கலாம், கழிப்பறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும். பகலில் கட்டணம் இல்லை, இரவு பத்துக்கு மேல் மணிக்கணக்கில் காசு. டிஸ்னி கப்பல்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கட்டணக் காப்பகம் இருப்பது வழக்கம். மூன்றுக்குக் கீழே பிள்ளை இருந்தால் எனக்கு முதல் கேள்வியே அந்தக் காப்பகம்தான். காப்பகம் இல்லாத கப்பல் என்றால், பிள்ளைக்கு மூன்று வயது ஆகும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்பேன். கோபித்துக்கொள்கிறார்கள். போய் வந்தபின் கோபம் தணிந்துவிடுகிறது.

பெரிய பிள்ளை இருந்தால் அடுத்தது உயரம். வீட்டுச் சுவரில் நிறுத்தி, செருப்பில்லாமல், பென்சிலால் கோடு போடுங்கள். என் மகன் ஒரு கப்பலின் சறுக்குமரத்து வரிசையில் இருபது நிமிடம் நின்றான். முறை வந்தபோது ஊழியர் அளவுகோலைத் தலைக்கு மேல் நீட்டினார். இவன் மூச்சைப் பிடித்து, கழுத்தை நீட்டி, குதிகாலைக்கூட லேசாகத் தூக்கினான். அளவுகோல் முடியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அவர் குனிந்து அவன் குதிகாலைப் பார்த்தார், அவனும் பார்த்தான். பிறகு இருவருமே ஒன்றும் பேசவில்லை. ராயல் கரீபியனின் ஃப்ளோரைடர் என்ற செயற்கை அலையில் படுத்துச் சறுக்க 132 சென்டிமீட்டர் வேண்டும், நின்று சறுக்க 147. இந்த மாதிரி எண்களை நிறுவனத்தின் பக்கத்தில் தேடி, சுவர்க் கோட்டோடு ஒப்பிட்டுவிட்டுப் பிள்ளைக்கு வாக்குக் கொடுங்கள்.

இனி கப்பல்கள். நிறுவனத்தின் பெயரைவிடக் கப்பலின் பெயர் முக்கியம். ராயல் கரீபியன் சிங்கப்பூருக்குப் பருவத்துக்கு ஒரு கப்பலை அனுப்பும். ஸ்பெக்ட்ரம், ஆந்தம், ஓவேஷன் மூன்றும் இங்கே வந்து போயிருக்கின்றன, மூன்றும் ஏறக்குறைய ஒரே குடும்பம். 2019-இல் வந்த ஸ்பெக்ட்ரம் சுமார் 169,000 டன். (கப்பலின் இந்த டன் எடையல்ல, உள்ளே எவ்வளவு இடம் என்பதன் கணக்கு.) மோதும் கார், காற்றில் மிதக்கும் ஐஃப்ளை, ஆகாயத்தில் தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு என்று எட்டிலிருந்து பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு நேரமே போதாது. ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸின் ஜென்டிங் ட்ரீம் 2016-இல் கட்டிய கப்பல், 150,000 டன்னுக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு இரவு, மூன்று இரவு என்று சின்னப் பயணங்கள். பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாதவர்கள் இதில் தொடங்கலாம். சைவத்துக்கும் ஹலாலுக்கும் அதில் தனி ஏற்பாடு உண்டு.

இங்கிருந்தே கிளம்பும் டிஸ்னி அட்வென்ச்சர் கப்பலின் கதை வேடிக்கையானது. ஜென்டிங் குழுமம் தன் கப்பல் நிறுவனத்துக்காக 'குளோபல் ட்ரீம்' என்ற பெயரில் ஜெர்மனியின் விஸ்மாரில் கட்டத் தொடங்கிய கப்பல் அது. 2022-இல் கம்பெனி நொடித்துப்போக, பாதியில் நின்றதை டிஸ்னி வாங்கி முடித்தது. சுமார் 208,000 டன். 2025 டிசம்பரில் கிளம்பவேண்டியது 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. மூன்று அல்லது நான்கு இரவு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. கப்பல்தான் ஊர். நான்கு வயதுக் குழந்தைக்கு அது போதும், அதற்கு மேலேயே போதும். ஆனால் "எந்த ஊர் பார்த்தீங்க?" என்று ஊரில் கேட்பார்களே என்று கவலைப்படும் பாட்டி உடன் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சென்னை உறவினர்கள் கொர்டீலியா என்ற இந்தியக் கப்பல் நிறுவனத்தைப் பற்றிக் கேட்பார்கள். அதன் எம்ப்ரஸ் கப்பல் 1990-இல் ராயல் கரீபியனின் கப்பலாக வெளிவந்தது, அளவில் ஸ்பெக்ட்ரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போகத் தொடங்கியது. விமானச் செலவு இல்லை, சாப்பாட்டுக் கவலை இல்லை. பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அவ்வளவுதான். கடலைப் பொறுத்தவரை மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு கிடப்பதால் பெரும்பாலும் ஆடாது. வங்காள விரிகுடாவைப் பற்றி, அதுவும் ஐப்பசி, கார்த்திகையில், நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

அறை விஷயத்தில் பலரும் பால்கனியைக் காட்சிக்காக எடுக்கிறார்கள். நான் தூக்கத்துக்காக எடுக்கிறேன். மதியம் ஒரு மணிக்குக் குழந்தை தூங்கும். விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டால் நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? முதல் பயணத்தில் ஜன்னலில்லாத உள்ளறை எடுத்திருந்தோம். இரண்டு மணிநேரம் பாத்ரூமில், மூடிய கழிப்பறை மேல் உட்கார்ந்து போன் பார்த்தேன். அடுத்த முறை பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தேன். கூடுதல் காசு அந்தத் தேநீருக்குத்தான்.

நால்வர் அறையில் பெரும்பாலும் ஒரு கட்டில், ஒரு சோபா, கூரையிலிருந்து இறங்கும் ஒரு படுக்கை இருக்கும். இவை சீக்கிரம் தீர்ந்துவிடும். அறையே காலியாக இருந்தாலும் அந்தப் பகுதியின் உயிர்காப்புப் படகில் இடக் கணக்கு நிரம்பிவிட்டால் நான்கு பேருக்குத் தர மாட்டார்கள். அதனால் ஜூன் விடுமுறைக்கோ ஆண்டிறுதி விடுமுறைக்கோ போவதானால் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். தளப் படத்தைத் திறந்து உங்கள் அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள். மேலே குளத்துத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே அரங்கம் என்றால் ராத்திரி டிரம்ஸ். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் காசினோ இருக்கிறதா என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் பார்க்கும் விலை, ஓர் அறையில் இருவர் என்ற கணக்கில் தலைக்கு இவ்வளவு என்பது. மூன்றாம், நான்காம் ஆளுக்குக் குறையும், சில சமயம் இலவசம் என்றே போடுவார்கள். ஆனால் துறைமுக வரியும் ஊழியர் அன்பளிப்பும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். கடைசியாக நான் கணக்குப் போட்டபோது ராயல் கரீபியனின் சாதாரண அறைகளுக்கு அன்பளிப்பு ஒரு நாளைக்குத் தலைக்கு 18.50 அமெரிக்க வெள்ளி (டாலர்). நான்கு பேர், மூன்று இரவு என்றால் 222. ஐஸ்கிரீம் மட்டும் சாப்பிட்ட நாலு வயதுக்காரிக்கும் அதே 18.50. வைஃபை தனி. கப்பல் கிளம்பியதும் எல்லாப் போனையும் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள், கடல் ரோமிங் பில் வந்தால் வயிறு எரியும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அத்தை, அதாவது என் மாமியார், சுத்த சைவம், முட்டை வாசனை வந்தாலே தட்டைத் தள்ளிவிடுவார். எனக்குத் தெரியாமல் பெட்டியில் ஒரு குட்டி ரைஸ் குக்கரை வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்தார். எக்ஸ்ரேயில் மாட்டியது. தீப்பிடிக்கும் பயத்தால் குக்கர், இஸ்திரிப்பெட்டி எதையும் விட மாட்டார்கள். சீட்டு ஒட்டி வாங்கி வைத்து, கடைசி நாள் திருப்பித் தந்தார்கள். வீட்டில் சமைத்த புளிசாதமும் போகாது, சீல் வைத்த பாக்கெட் ஊறுகாய் போகும். முதல் நாள் இரவே சாப்பாட்டுக் கூடத்துத் தலைமைப் பணியாளரைப் பார்த்து, நாளைக்கு வேண்டியதை இன்றே சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே இந்தியராக இருப்பார். நாங்கள் சொன்ன மறுநாள் பருப்பும் சாதமும் பீன்ஸ் பொரியல் போல ஒன்றும் வந்தன. அத்தை அதற்குள் தன் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். காலை பஃபேயில் இனிப்பில்லாத தயிரை இரண்டு கிண்ணம் எடுத்துவந்து அறையின் குளிர்ப்பெட்டியில் வைத்தார். மதியம் வெறும் சோற்றோடு அந்தத் தயிரைப் பிசைந்து, மாவடு ஒன்றைக் கடித்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சின்னவளுக்கும் ஊட்டினார். மூன்று வேளையும் மேசை நிறைய விரித்துவைத்த கப்பலில் அந்தக் குழந்தை வயிறு நிறையச் சாப்பிட்டது அதைத்தான்.

ஊர்களில் பினாங்குக்கு என் ஓட்டு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ்டவுன் நடக்கும் தூரம்தான். லிட்டில் இந்தியாவில் இட்லி, குவீன் தெரு மாரியம்மன் கோவில், மதியத்துக்குள் திரும்பிவிடலாம். போர்ட் கிள்ளானில் நின்றால் கோலாலம்பூருக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. சின்னப் பிள்ளையோடு நான் இறங்க மாட்டேன், அன்றைக்குத்தான் குளம் காலியாக இருக்கும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில் கரைக்குக் கொண்டுபோவது உண்டு. தள்ளுவண்டியோடு அதில் ஏறி இறங்குவது கஷ்டம், பிள்ளையைத் தூக்கிக்கொள்ளும் பை இருந்தால் நல்லது.

கடவுச்சீட்டு எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் செல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் சிங்கப்பூருக்குப் பல முறை நுழையும் விசா எடுங்கள், கப்பல் திரும்பி வரும்போது மறுபடி நுழைய வேண்டுமே. பெற்றோரில் ஒருவர் மட்டும் போனாலோ தாத்தா பாட்டி கூட்டிப்போனாலோ ஒப்புதல் கடிதம் கேட்கலாம். பயணக் காப்புறுதியில் கப்பல் பயணமும் அடங்குமா என்று பாருங்கள், கப்பல் மருத்துவரின் பில் நம் அரசுப் பாலிகிளினிக் பில் மாதிரி இருக்காது. வயிற்றுப்போக்கு பரவும் இடம் கப்பல், அதற்குச் சோப்பும் தண்ணீரும்தான். கைச்சுத்திகரிப்பான் அதைப் பரப்பும் நோரோ வைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது.

துறைமுகத்தில் கொடுத்த பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடலாம். நீச்சல் உடை, பால்மாவு, டயப்பர், காய்ச்சல் மருந்து, மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில். அவசரகாலக் கூடுமிடத்தின் எண் போட்ட கைப்பட்டை பிள்ளைகளுக்குத் தருவார்கள், குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், ராத்திரியே எடுத்துப்போய்விடுவார்கள். முதல் பயணத்தில் நான் எல்லாவற்றையும் மடித்து, பூட்டி, பெருமையாக வெளியே வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் சின்னவளுக்குப் போட ஒரு துணி இல்லை. முயல் படம் போட்ட இரவு உடையில், அத்தையின் சால்வையைச் சுற்றிக்கொண்டு குடிநுழைவைத் தாண்டினாள். அதிகாரி கடவுச்சீட்டுப் படத்தையும் அவளையும் பார்த்துவிட்டு, "குட் மார்னிங்" என்றார். "குட் நைட்" என்றாள்.