ஒரே ஜன்னல், ஒரு மாதம்: படமெடுக்கப் பழகுபவர்களுக்கு ஒரு பயிற்சி

கேமரா வாங்கிய புதிதில் எதைப் பார்த்தாலும் எடுக்கத் தோன்றும். கோபுரம், கடற்கரைச் சூரியோதயம், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று ஒரு சுற்று முடிந்ததும், இனி எதை எடுப்பது என்று கை நின்றுவிடும். அப்போது பலர் அடுத்த லென்ஸின் விலையைப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் மூணாறுக்கு டிக்கெட் போடுகிறார்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டு ஜன்னல் ஒன்றை ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள்.

செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசஃப் சுடெக் 1940 முதல் 1954 வரை பிராக் நகரில் தன் ஸ்டூடியோ ஜன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர் அவர். நாஜிகள் ஆண்ட காலத்தில் கேமராவோடு வெளியே திரிய முடியாததால் உள்ளிருந்து வெளியே பார்க்க ஆரம்பித்தார். போர் முடிந்து ஒன்பது வருஷம் ஆகியும் அந்த ஜன்னலை விடவில்லை. கண்ணாடியில் படிந்த ஈரம், உறைபனி, வெளியே கோணலாக நின்ற ஒரு மரம், விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர். அவருக்கு அவ்வளவே போதுமாக இருந்தது.

படி 1: ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள்

கிழக்கு ஜன்னலுக்குக் காலை வெயில், மேற்குக்கு மாலை வெயில். கம்பியோ பூவேலை கிரில்லோ இருந்தால் தரையில் நல்ல நிழல் விழும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீளமாக வரும். வடக்கு ஜன்னலில் அந்த மாதங்களில் நேர் வெயிலே விழாது. மென்மையான வெளிச்சம் கிடைக்கும், முகங்களுக்கு அதுதான் அழகு. சமையலறை ஜன்னல் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். சாதம் வடிக்கும்போது எழும் ஆவி, பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் வெள்ளையாகத் துலங்கும்.

படி 2: அமைப்புகளைப் பூட்டிவிடுங்கள்

போனில் 1 எக்ஸ் மட்டும், ஜூம் கிடையாது. கேமராவில் 50 எம்எம் லென்ஸ் போதும். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் என்றால் 35 எம்எம்மில் வைத்து, நகராதபடி டேப் ஒட்டுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் காலையின் மஞ்சளையும் அந்தியின் நீலத்தையும் கேமராவே திருத்திவிடும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோல் நிறம் கெடும்.

ஜன்னலைப் பார்த்து எடுக்கும்போது வெளியே வெளுத்துப்போகும். போனில் பிரகாசமான இடத்தைத் தொட்டு, அருகில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவுக்கு, குறையுங்கள்.

படி 3: முதல் மூன்று நாள் எடுக்காதீர்கள்

ஒரு தாளில் நேரத்தை மட்டும் குறியுங்கள்: வெயில் எப்போது தரையைத் தொடுகிறது, எப்போது சுவரில் ஏறுகிறது, எப்போது மறைகிறது. இந்தக் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். டிசம்பரிலோ நண்பகலிலேயே ஆள் உயரத்தில் முக்கால் பங்கு நிழல் விழும். இதைத் தெரிந்துகொண்டவர் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்வார். நான் பார்த்தவரை, புதிதாகப் பழகுபவர்களை வேறெதையும்விட வேகமாக வளர்ப்பது இந்தக் காத்திருப்புதான்.

படி 4: வாரத்துக்கு ஒரு விதி

முதல் வாரம் வெளிச்சமும் நிழலும் மட்டும்.

இரண்டாம் வாரம் ஒரே ஒரு பொருள். நான் எப்போதும் எவர்சில்வர் டம்ளரைச் சொல்வேன். அதன் வளைவில் முழு ஜன்னலும் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். டம்ளரைத் திருப்பினால் ஒன்றும் மாறாது. நீங்கள் ஓரடி நகர்ந்தால் கோடும் நகரும். டம்ளரின் ஓரம் பின்னணியோடு கரைந்துபோனால், ஃப்ரேமுக்கு வெளியே பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியைப் பிடியுங்கள். அது உலோகத்தில் பிரதிபலித்து ஓரத்தில் கறுப்பு வரியாக விழும், வடிவம் சட்டென்று எழுந்து நிற்கும். விளம்பரங்களுக்குப் பாத்திரம், பாட்டில் எடுப்பவர்கள் செய்வதும் இதையேதான். பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பாதி குடித்துவிட்டு வையுங்கள், மூன்று மணிக்கு எடுத்ததை ஆறு மணிக்கும் எடுங்கள்.

இந்த வாரத்தில் கட்டாயம் சலிப்பு வரும். விட்டுவிடாதீர்கள். சுலபமாகத் தோன்றிய கோணங்கள் தீர்ந்துபோனதால் வரும் சலிப்பு அது. உங்களுக்கே உரிய படங்கள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கும்.

மூன்றாம் வாரம் ஒரு மனிதர். அம்மாவோ தாத்தாவோ ஜன்னலோரம் உட்காரட்டும், முகம் பாதி வெளிச்சத்தில் இருக்கட்டும். வெளியே பகிர்வதானால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் பகிருங்கள். நான்காம் வாரம் ஜன்னல் வழியே தெரியும் வெளி: கொசுவலை, மழைத்துளி, எதிர்வீட்டு மாடித் துணிக்கொடி.

படி 5: ஒரு படத்தின் முன் பத்து நிமிடம்

இன்ஸ்டாகிராமில் நூறு படங்களைத் தள்ளிக்கொண்டு போவதைவிட ஒரே படத்தின் முன் உட்காருவது மேல். புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்டெஸ் எடுத்தவற்றிலிருந்து தொடங்கலாம். மனைவி 1977இல் இறந்தபின், முதுமையில், நியூயார்க் வீட்டு ஜன்னலில் ஒரு சிறிய கண்ணாடிச் சிலையை வைத்து உடனே பிரின்ட் தரும் போலராய்டு கேமராவில் எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிலையின் வளைவில் அவருக்கு மனைவியின் நினைவு வந்தது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது, எதை வெட்டி வெளியே விட்டிருக்கிறார் என்று எழுதுங்கள். பின்பு அதே வெளிச்சத்தை உங்கள் ஜன்னலில் தேடுங்கள்.

படி 6: கழித்தல்

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃப்ராங்க் 1955, 56இல் அமெரிக்காவைச் சுற்றி இருபத்தைந்தாயிரத்துக்கும் அதிகமான படங்கள் எடுத்தார். புத்தகத்தில் வைத்தது 83. மாதக் கடைசியில் நீங்களும் முப்பது படங்களை 4 x 6 அளவில் பிரின்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் பிடித்த படம் காகிதத்தில் செத்துக் கிடக்கும், ஒதுக்கிய ஒன்று மேலே வரும். பத்தாகக் குறையும்வரை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே இருங்கள்.

அந்தப் பத்தையும் எந்த விளக்கமும் சொல்லாமல் ஒருவரிடம் கொடுங்கள். எந்தப் படத்தில் அவர் கை நிற்கிறது என்று கவனியுங்கள். அது நிழலாக இருந்தால் அடுத்த மாதம் நிழலைத் தேடித் தெருவில் இறங்குங்கள், முகமாக இருந்தால் முகங்களைத் தேடி. லென்ஸ் மட்டும் அதுவே இருக்கட்டும்.