கார் ஷெட்டில் ஒரு சின்னப் பட்டறை: குறைந்த செலவில் கருவிகளுக்கு இடம் அமைக்கலாம் வாங்க

கருவிகளுக்கு இடம் செய்யும்போது பெரும்பாலானவர்கள் யோசிப்பது, வேண்டும்போது எப்படிச் சட்டென்று எடுப்பது என்று. எடுப்பதில் பெரிய சிரமம் கிடையாது. வேலை நடந்தாக வேண்டும், எங்கே கிடந்தாலும் தேடி எடுத்துவிடுவோம். திருப்பி வைப்பதுதான் சிரமம். வேலை முடிந்து கை அசந்து நிற்கும்போது, ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து, மேல்தட்டைத் தூக்கி, அடியில் உளியை வைக்க யாருக்கும் மனம் வராது. அது மேசை மேலேயே கிடக்கும். நாளைக்கு அதன் மேல் குறடு, மறுநாள் அளவு நாடா. இரண்டு வாரத்தில் மேசையே கண்ணுக்குத் தெரியாது.

அதனால் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன்: ஒரு கையால், ஒரே அசைவில் கருவியைத் திருப்பி வைக்க முடிகிறதா? முடிந்தால் அது நல்ல இடம்.

நானும் முதலில் இழுப்பறைப் பெட்டிகளைத்தான் வாங்கினேன். ஒரு மழைக்காலம் முடிந்து அடித்தட்டைத் திறந்தபோது நல்ல உளிகள் நான்கில் துரு ஏறியிருந்தது. கண்ணில் படாத கருவியைக் கவனிக்க முடிவதில்லை. அதற்குப் பிறகு எல்லாம் சுவருக்கு வந்துவிட்டது. சுவர்தான் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும், காசு கேட்காத இடம்.

முதல் படி: ஒரு மாதம் எதையும் கட்டாதீர்கள்

இதுதான் கடினமான படி. எல்லாக் கருவிகளையும் அட்டைப் பெட்டிகளில் போட்டு ஓரமாக வையுங்கள். வேலைக்கு எதை எடுத்தீர்களோ அதை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து வெளியே கிடப்பவைதான் உங்கள் உண்மையான கருவிகள். அவற்றுக்குக் கை எட்டும் உயரத்தில் சுவரில் இடம் வேண்டும். பெட்டியிலேயே தங்கிவிட்டவை மேல் பலகைக்குப் போகலாம். ஒன்றுக்கு இரண்டாக இருப்பதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

அந்த மாதத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். எந்தெந்தக் கருவிகள் சேர்ந்தே வெளியே வருகின்றன? அளவு நாடா, மூலைமட்டம், பென்சில் மூன்றும் எப்போதும் ஒன்றாக வரும். ட்ரில் மெஷின் வந்தால் பிட் பெட்டியும் வரும். சுத்தியல் எல்லாம் ஒரு பக்கம், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒரு பக்கம் என்று வகை பிரிப்பதைவிட, சேர்ந்து வேலை செய்பவற்றைச் சேர்த்து வைப்பது பல மடங்கு வசதி.

இரண்டாம் படி: காரை உள்ளே விட்டு அளவெடுங்கள்

வெறும் அறையை அளந்து திட்டம் போடாதீர்கள். காரை நிறுத்தி, நான்கு கதவுகளையும் முழுதாகத் திறந்து, கதவு நுனி எட்டும் இடங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். டிக்கியையும் திறந்து பாருங்கள். ஆள் நடக்கக் குறைந்தது 60 செ.மீ. வழி விட்டபின் மிஞ்சுவதுதான் பட்டறைக்கான இடம். பலரும் மறந்துவிடும் ஓர் இடம் உண்டு: கார் முகம் பார்த்து நிற்கும் சுவர். பானட்டுக்கு மேலே உள்ள அந்தச் சுவர் முழுதும் சும்மாதான் இருக்கும். அதிகம் எடுக்காத பொருட்களுக்கு அங்கே ஆழமான பலகைகள் அடிக்கலாம்.

மூன்றாம் படி: வேலை மேசை

நேராக நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளந்தால், பொதுவான வேலைக்கு ஏற்ற மேசை உயரம் கிடைக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும். இழைப்புளி போடும் வேலை அதிகம் என்றால் சற்றுத் தாழ்வாக, நுணுக்கமான வேலை என்றால் சற்று உயரமாக வையுங்கள். அகலம் 60 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் மேசையின் பின்பகுதி குப்பை சேரும் இடமாகிவிடும்.

மேற்பலகைக்கு மலிவான வழி, கழற்றிப் போட்ட பழைய ஃபிளஷ் கதவு. தட்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே கூடாக ஒலித்தால் வேண்டாம், சுத்தியல் அடி தாங்காது. கதவு கிடைக்காவிட்டால் 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டைப் பசை போட்டு ஒட்டி 36 மி.மீ. தடிமனாக்கலாம். இடம் மிகக் குறைவு என்றால் மேசையின் பின் விளிம்பைக் கீல் போட்டுச் சுவரோடு இணைத்து, வேண்டாதபோது மடித்துவிடலாம்.

கால்களுக்குச் சரக்கு வரும் மரப் பேலட்டுகளைப் பிரித்து எடுப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. (HT) என்று இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுவாயுவால் பதப்படுத்தியது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாதது, எண்ணெய்க் கறை படிந்தது, இரண்டும் வேண்டாம்.

நான்காம் படி: சுவரில் சாய்வுப் பட்டைகள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஃபிரெஞ்ச் கிளீட் என்று சொல்வார்கள். சுவரில் ஒரு சாய்வுப் பட்டை, கருவித் தாங்கியின் முதுகில் அதற்கு நேர் எதிரான சாய்வுப் பட்டை. ஒன்றின் மேல் ஒன்றை மாட்டினால் தாங்கியின் எடையே அதைச் சுவரோடு இறுக்கிவிடும். ஸ்க்ரூ கழற்றாமல் தூக்கி வேறு இடத்தில் மாட்டலாம். தொடக்கத்தில் எதை எங்கே வைப்பது என்று நமக்கே தெளிவாகத் தெரியாது. பத்து முறை மாற்றுவோம். அதனால்தான் ஆணியடித்து நிறுத்தும் பலகையைவிட இதைப் பரிந்துரைக்கிறேன்.

18 மி.மீ. ப்ளைவுட்டை 15 செ.மீ. அகலப் பட்டைகளாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையையும் நீளவாக்கில் நடுவே, 45 பாகைச் சாய்வில் மறுபடி அறுங்கள். சோடி சோடியாகப் பட்டைகள் கிடைக்கும். வட்ட ரம்பம் இருந்தால் அடித்தட்டைச் சாய்த்து, ஒரு நேரான பலகையை வழிகாட்டியாக இறுக்கிப் பிடித்து அறுக்கலாம். மெஷின் இல்லாவிட்டால் மரம் அறுக்கும் கடையில் சாய்த்து அறுத்துத் தரச் சொல்லுங்கள். சாய்வு 45 பாகைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. எல்லாப் பட்டைகளும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அறுத்தபின் கூர் முனையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். கூராக விட்டால் கையைக் கீறும், நாளடைவில் முனை சிதையும்.

சுவரில் அடிக்கும் பட்டையின் சாய்வு மேல்புறம் இருக்க வேண்டும். அதன் கூர் முனை சுவரை விட்டு விலகி, நம் பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பள்ளம் உருவாகி, தாங்கியின் பட்டை அதற்குள் இறங்கி உட்காரும். தலைகீழாக அடித்துவிட்டுக் கழற்றுபவர்கள் நிறைய. முதல் பட்டையை அடிக்குமுன் ஒரு துண்டைக் கையில் பிடித்து மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

செங்கல் அல்லது கான்கிரீட் சுவர் என்றால்: ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். பட்டையில் ஏறக்குறைய 40 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு, அதன் வழியே சுவரில் குறியுங்கள். 8 மி.மீ. சிமெண்ட் பிட்டால், ராவல் பிளக்கின் (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) நீளத்தைவிட 1 செ.மீ. கூடுதல் ஆழத்துக்குத் துளையிடுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுப்பது முக்கியம். தூள் இருந்தால் பிளக் முழுதாக இறங்காது, பிடிப்பும் இருக்காது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். ஸ்க்ரூ 65 முதல் 75 மி.மீ. வரை இருக்கட்டும். அதில் 18 மி.மீ. பட்டைக்கே போய்விடும், மீதிதான் சுவருக்குள். துளை செங்கல்லுக்கு நடுவில் விழுந்தால் நல்லது, செங்கல்களுக்கு நடுவே உள்ள கலவை இணைப்பில் பிடிப்பு குறைவு. ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடவே வேண்டாம், பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வயர் ஓடும். வரிசைகளுக்கு நடுவே 20 செ.மீ. விடுங்கள்.

இப்போது தாங்கிகள். தாங்கியின் முதுகில் மேலே சாய்வுப் பட்டை, கீழே அதே 18 மி.மீ. தடிமனில் ஒரு சாதாரணப் பட்டை. கீழ்ப் பட்டையை மறந்தால் தாங்கி சுவரை நோக்கிச் சாய்ந்து நிற்கும், கருவிகள் ஒரு பக்கம் சரியும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

ஸ்க்ரூ டிரைவருக்கு ஒரு கட்டையில் வரிசையாகத் துளைகள் போதும். உளிக்குத் துளையைவிடக் காடி (நீளமான பள்ளம்) வெட்டுவது மேல். முன்பக்கம் ஒரு மெல்லிய பலகை அடித்து உளியின் வாய் முழுதும் மறையும்படி செய்யுங்கள். அவசரமாகக் கை நீட்டும் இடத்தில் கூரான வாய் வெளியே இருக்கக் கூடாது. சுத்தியலுக்கு, காம்பு நுழையும் இடைவெளி விட்டு இரண்டு கட்டைகள். ட்ரில் மெஷினுக்கு 75 மி.மீ. பி.வி.சி. பைப் ஒரு துண்டு எடுத்து, அடிப்பக்கம் நீளவாக்கில் கைப்பிடி நுழையும் அகலத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, ஒரு பலகைக்கு அடியில் படுக்கைவாட்டில் திருகிவிடுங்கள். மெஷினின் உடல் பைப்புக்குள் படுத்துக்கொள்ளும், கைப்பிடி கீழே தொங்கும். உங்கள் மெஷினை அளந்துவிட்டு வெட்டுங்கள், ஒவ்வொன்றும் ஓர் அளவு. மீந்த பைப் துண்டுகளைச் சாய்வாக அறுத்து ஒட்டினால் பென்சில், அரம், பிரஷ் எல்லாம் வைக்கலாம்.

ஐந்தாம் படி: பலகையும் சின்னச் சாமான்களும்

கனமான பொருட்களுக்குப் பலகை அடிக்கும்போது நீளம் பேராசையில் கூடிவிடும். அதே எடைக்கு, தாங்கும் இரு முனைகளுக்கு நடுவில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் பலகை எட்டு மடங்கு தொய்யும். 18 மி.மீ. ப்ளைவுட்டுக்கு 80 செ.மீ. இடைவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன் விளிம்பில் 4 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டையை நிற்கவைத்து, பசை போட்டுத் திருகினால் பலகை நன்றாக விறைக்கும். பொருள் உருண்டு விழாமல் தடுக்கவும் அது உதவும்.

ஆணி, ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில். மூடியைப் பலகையின் அடியில் திருகிவிட்டால் டப்பாவைச் சுழற்றி எடுக்கலாம், மாட்டலாம். ஒரு மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் மூடியும் சேர்ந்து சுற்றும். டப்பா ஒளி ஊடுருவுவதாக இருக்கட்டும். கண்ணாடிப் பாட்டிலைத் தலைக்கு மேல் தொங்கவிடாதீர்கள்.

மரத்துண்டுகள் பற்றி ஒரு வார்த்தை. எறிய மனம் வராது, எனக்கும் வராது. 30 செ.மீ.க்குக் குறைந்த துண்டுகளுக்கு ஒரே ஒரு பெட்டி என்று முடிவு செய்துகொண்டேன். அது நிறைந்தால் புதிதாக ஒன்று உள்ளே போக, பழையது ஒன்று வெளியே போக வேண்டும்.

ஆறாம் படி: துருவும் தீயும்

இரும்புக் கருவிகளைச் சிமெண்ட் தரையிலோ சுவரிலோ நேரடியாகப் படவைக்காதீர்கள். நடுவில் மரம் இருக்கட்டும். ஈரக்காற்று குளிர்ந்த இரும்பில் பட்டால் நீர் கோத்துக்கொள்ளும், துரு அங்கேதான் தொடங்குகிறது. உளி, ரம்பம், இழைப்புளியின் அடிப்பாகம் ஆகியவற்றை மெல்லிய மெஷின் எண்ணெய் தோய்த்த துணியால் அவ்வப்போது ஒற்றி எடுத்தால் போதும்.

ஆளி விதை எண்ணெய் கலந்த பாலிஷ் போட்டுத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்து வெளியில் காயப்போட்டு, விறைப்பாகக் காய்ந்தபின் எறியுங்கள். தின்னர், பெயிண்ட், பெட்ரோல் எதுவும் தீப்பொறி பறக்கும் கிரைண்டர் பக்கத்தில் கூடாது. லித்தியம் பேட்டரிகளை வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். தீயணைப்பான் வாசலருகே இருக்கட்டும். மேசைக்குப் பின்னால் இருந்தால் தீயைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும்.

விளக்கு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறை நடுவில் மட்டும் விளக்கு இருந்தால், மேசையைப் பார்த்து நிற்கும்போது நம் நிழலே வேலை மேல் விழும். மேசையின் முன் விளிம்புக்கு நேர் மேலே ஒரு எல்.இ.டி. டியூப் லைட் போடுங்கள்.

ஏழாம் படி: அடையாளக் கோடும் ஒரு வாளியும்

எல்லாம் மாட்டி இரண்டு, மூன்று வாரம் வேலை செய்தபின், இடங்கள் நிலைத்துவிட்டன என்று தோன்றும்போது, ஒவ்வொரு கருவியைச் சுற்றியும் மார்க்கரால் கோடு வரையுங்கள். காலியாக இருக்கும் உருவம், எது இன்னும் திரும்பவில்லை என்று சொல்லிவிடும். வீட்டில் மற்றவர்கள் கருவி எடுத்தாலும் எங்கே வைப்பது என்று கேட்க வேண்டியதில்லை. முதல் நாளே வரைந்துவிடாதீர்கள், இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், மேசைக்கு அடியில் ஒரு வாளி வையுங்கள். வேலை முடிந்ததும் பத்து நிமிடம் கருவிகளைத் திருப்பி வைக்கும்போது, சுவரில் இடமில்லாத ஏதாவது ஒன்று கையில் மிஞ்சும். அதை வாளியில் போடுங்கள். வார இறுதியில் வாளியைப் பார்த்தால் அடுத்து எந்தத் தாங்கி செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். என் வாளியில் இப்போது கிடப்பது, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் சி கிளாம்ப் இரண்டு.