கிருஹலட்சுமி காசு புள்ளைக்குப் போய்ச் சேருதான்னு பாக்கிறது எப்படி

கிருஹலட்சுமின்னா கர்நாடக அரசு குடும்பத்தலைவிக்கு மாசாமாசம் காசு குடுக்கிற ஸ்கீம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்துல இத பாக்கப் போறீங்கன்னா, "ஸ்கீம்னால பிரயோஜனம் இருக்காக்கா"ன்னு மட்டும் கேக்காதீங்க, எங்க நிறுத்திடுவாங்களோன்னு பயந்து, "இருக்கு"ன்னுதான் சொல்வாங்க. நேத்து புள்ள என்ன சாப்டுச்சு, முட்டை எத்தன, பால் அரை லிட்டரா கால் லிட்டரான்னு கேளுங்க. ஒரு வீட்ல மாசம் வர்ற 2000 ரூபாயும் கடனுக்கே போகுதுன்னாங்க, ஆனா வட்டிக்காரன் வாசல்ல வந்து கத்துறது நின்னுடுச்சாம், அதுவும் புள்ளைக்கு நல்லதுதானே, அதையும் எழுதிக்கங்க. புள்ள உயரத்தையும் அளந்துக்கங்க, ரெண்டு வயசுக்குள்ளன்னா படுக்க வெச்சு அளக்கணும், அதுக்கு மேலன்னா நிக்க வெச்சு. 2023லயே சக்தி ஸ்கீம்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீ பஸ், அன்னபாக்யா ரேஷன் ஸ்கீம்ல கூடுதல் அரிசிக்குப் பதிலா காசுன்னு எல்லாம் சேந்து வந்துச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே ஸ்கீம் தலையில கட்டாதீங்க. பணம் லேட்டான மாசம் வீட்ல எது மொதல்ல கொறஞ்சுது, பாலா காய்கறியான்னு தனியா கேட்டு வெச்சுக்கங்க.