வழக்குச் செலவுக்காகத் திவால் மனு வந்தால் செய்ய வேண்டியவை

எல்லைத் தகராறிலோ வீட்டுப் பங்குத் தகராறிலோ தோற்றவர், வென்றவரின் வழக்குச் செலவையும் கட்ட நேர்வது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமான நடைமுறை. அந்தத் தொகை சில வேளைகளில் தகராறுக்குரிய நிலத்தின் மதிப்பையே விஞ்சிவிடும். அதை வசூலிக்க எதிர்த்தரப்பு திவால் மனு போடும்போது, பலரும் வேலி யாருடையது என்ற பழைய வாதத்தையே மறுபடியும் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். மோசடி, அப்பட்டமான அநீதி போன்ற அரிய காரணங்கள் இருந்தாலன்றி, திவால் வழக்கை விசாரிக்கும் நீதிபதி மூலத் தீர்ப்பைக் கிளற மாட்டார். எவ்வளவு கடன், அதை எப்போது எப்படிக் கட்டுவீர்கள் என்பவையே அங்கே எடுபடும் கேள்விகள்.

தொகையிலிருந்து தொடங்குங்கள். செலவைக் கட்ட வேண்டும் என்ற உத்தரவு மட்டும் மனுவுக்குப் போதாது; உடன்பாட்டாலோ நீதிமன்ற மதிப்பீட்டாலோ தொகை நிர்ணயமாகியிருக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டும்படி நீதிபதி சொல்லியிருந்தால் அந்தப் பகுதி மட்டும் உடனடிக் கடனாகும். எதிர்த்தரப்பின் செலவுப் பட்டியல் முறைப்படி வந்து சேர்ந்தால், உங்கள் ஆட்சேபங்களை 21 நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் பட்டியலிலுள்ள முழுத் தொகைக்கும் அவர்கள் சான்றிதழ் பெற்றுவிடலாம். தோற்ற அலுப்பில் அந்த உறையைப் பிரிக்காமல் போட்டு வைப்பதைப் போலக் காசைக் கரைக்கும் சோம்பல் இந்த விவகாரத்தில் வேறில்லை.

அடுத்து வருவது பெரும்பாலும், கடனைக் கட்டச் சொல்லி மனுவுக்கு முன்னோடியாக அனுப்பும் ஸ்டாச்சூட்டரி டிமாண்ட் என்னும் கோரிக்கை அறிவிப்பு. கடன் குறைந்தது 5,000 பவுண்ட் இருந்தால்தான் திவால் மனு போட முடியும். அறிவிப்பு கையில் கிடைத்ததிலிருந்து அதை ரத்து செய்யக் கோர 18 நாட்களும், பணம் கட்டவோ சமரசம் பேசவோ 21 நாட்களும் உண்டு. கடனை எதிர்க்க வலுவான காரணம் இருப்பது, உங்களுக்கு அவர்கள் தர வேண்டிய தொகை இதற்கு ஈடாகவோ கூடுதலாகவோ இருப்பது, கடன் முழுவதற்கும் ஈடான பிணையம் அவர்களிடம் ஏற்கெனவே இருப்பது ஆகியவை ரத்துக்கான காரணங்கள். சொத்து வழக்குகளில் கடைசிக் காரணத்தை மறக்காமல் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் உங்கள் வீட்டின் மீது சார்ஜிங் ஆர்டர் (கடனுக்கு வீட்டைப் பிணையமாக்கும் நீதிமன்ற உத்தரவு) வாங்கியவர்களே திவால் மனுவும் போடுவதுண்டு.

மனுவே வந்துவிட்டால், எதிர்ப்பதற்கான அறிவிப்பை விசாரணைக்குக் குறைந்தது 5 வேலை நாட்களுக்கு முன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, மனுதாரருக்கும் நகல் கொடுக்க வேண்டும். மூலத் தீர்ப்பின் மீது மேல்முறையீடு உண்மையிலேயே நிலுவையில் இருந்தால், அதைக் காட்டி மனுவை நிறுத்தி வைக்கக் கோரலாம். நீதிபதி ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. வீட்டை விற்றோ அடகு வைத்தோ கட்டப் போவதாகச் சொல்பவர், கடன் தருபவரின் எழுத்து மூலமான ஒப்புதலையோ வாங்குபவரின் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) எழுதிய கடிதத்தையோ கொண்டுபோனால் அவகாசம் கிடைக்க வாய்ப்பு உண்டு. வெறும் வாக்குறுதிக்கு அங்கே மதிப்பில்லை. நியாயமான பிணையத்தையோ சமரசத் தொகையையோ மனுதாரர் காரணமின்றி மறுத்திருந்தால் மனுவைத் தள்ளுபடி செய்ய நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்பதால், எந்தச் சமரச யோசனையையும் எழுத்திலேயே முன்வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றி எழுதலாமா என்ற யோசனை வரும். வேண்டாம். திவால் உத்தரவு பிறந்தால், மனு தாக்கலான நாள் முதல் நீங்கள் செய்த சொத்து மாற்றங்கள் நீதிமன்ற அனுமதி இல்லாதவரை செல்லாது; அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் குறைந்த விலைக்குக் கொடுத்தவற்றையும் கேள்விக்கு உள்ளாக்க முடியும். நீங்களே கடனைக் கட்டுவதும் இந்த விதியில் சிக்கக்கூடும் என்பதால், உறவினர் தம் பணத்தில் நேரடியாகக் கட்டுவது பாதுகாப்பானது. கடனோடு மனுச் செலவும் உங்கள் தலையில் விழும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐவிஏ என்னும் தவணை ஏற்பாட்டைப் பலர் பரிந்துரைப்பார்கள். வாக்களிக்கும் கடன்காரர்களில், அதாவது நீங்கள் பணம் தர வேண்டியவர்களில், கடன் மதிப்பின்படி 75 சதவீதத்தினர் அதை ஏற்க வேண்டும். வழக்கில் வென்றவரே உங்கள் பெரிய கடன்காரராக இருந்தால், அவர் ஒருவர் மறுத்தாலே அது கவிழ்ந்துவிடும். ஆகவே அவருடைய மனநிலையை அறியாமல் அதற்குக் கட்டணம் கட்டாதீர்கள்.

உத்தரவு வந்துவிட்டால், திவால் நிலையிலிருந்து வழக்கமாக ஓராண்டில் விடுதலை கிடைக்கும். ஆனால் வீட்டில் உங்களுக்குள்ள பங்கு, திவாலானவரின் சொத்துகளைக் கையாளும் டிரஸ்டியிடமே இருக்கும். அதை விற்பதற்கோ நீதிமன்றத்தை நாடுவதற்கோ அவருக்குப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு. கடன்களையும் திவால் செலவுகளையும் முழுவதுமாகத் தீர்த்தால் உத்தரவையே ரத்து செய்யக் கோரலாம். டிரஸ்டியின் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்பதால், அதற்கான பணத்தை முதல் சில வாரங்களிலேயே திரட்ட முயல வேண்டும்.